அப்பாவும் சித்தப்பாவும் போடாத கையெழுத்து

நான் ஊருக்குப் போன பயணங்களிலேயே, வண்டி வழியில் நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டு போனது இந்த ஒரு முறைதான். வேண்டுதல் பாதி பலித்தது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற பேருந்து சுங்குவார்சத்திரம் தாண்டியதும் புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டியது. நடத்துனர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு அறுந்துபோச்சி, பின்னால வர்ற வண்டியில ஏத்தி வுடறேன்" என்றார். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். எனக்கு அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது.

பக்கத்தில் எலெனி புளியமர நிழலில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சைப்ரஸ் தீவுக்காரி. என்னோடு படிக்கிறவள். சர்வதேசச் சட்டம், பாதுகாப்பு, சமாதானம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு முதுகலைப் படிப்பு எங்களுடையது. முதல் பருவம் நெதர்லாந்து, இரண்டாவது ஆஸ்திரியா, மூன்றாவது அயர்லாந்து. ஆஸ்திரியாவுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலே கிடைத்த விடுமுறையில், அவள் தன் ஆய்வேட்டுக்காக எங்கள் தெருவைப் பார்க்க வந்திருந்தாள். எங்கள் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

எங்களோடு இறக்கிவிடப்பட்ட ஒரு அம்மா, முசரவாக்கத்துக்காரர், காலிக் கூடையோடு எலெனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா படிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றார். சொன்னேன்.

"சமாதானத்துக்கு ஒரு படிப்பா? அப்ப எம்மருமவளையும் என்னையும் சேத்து வெச்சிட்டுப் போப்பா. ரெண்டு வருஷமா ஒரு அடுப்புல ரெண்டு ஒலை வெச்சிக்கினு இருக்கறோம்."

என்ன சொல்கிறார் என்று எலெனி கேட்டாள். "நல்ல படிப்பு என்கிறார்" என்றேன். அந்த ஐந்து நாட்களில் நான் செய்த முதல் பொய் மொழிபெயர்ப்பு அது. அப்போது அது பெரிதாக உறுத்தவில்லை.

உறுத்த வேண்டியது வேறொன்று இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் பருவத்தில் எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாமே பங்கெடுத்த ஒரு சிறிய சமரசத்தைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் பேராசிரியர், நரைத்த தாடியும் சைக்கிளுமாகத் திரிகிற மனிதர், "சமாதானம் ஆகாமல் போன கதையையும் எழுதலாம், அதற்கும் மதிப்பெண் உண்டு" என்று தெளிவாகத்தான் சொன்னார். என் வகுப்பிலோ கென்யாக்காரன் மாடு திருட்டுப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவன், கொலம்பியாக்காரி நிலத் தகராறில் நடுவராக இருந்தவள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சண்டை, அதுவும் தீராத சண்டை. அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் அதைத் தீர்த்துவைத்ததாக எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? நாலு விதிகள் கொண்ட ஒரு ஒப்பந்தத்தைத் தமிழில் கைப்பட எழுதி, கீழே அப்பாவின் கையெழுத்தையும் சித்தப்பாவின் கையெழுத்தையும் நானே போட்டு, பின்னிணைப்பாக ஒட்டினேன். அப்பா கையெழுத்து ஏழாம் வகுப்பு ராங்க் கார்டிலேயே பழகியது. சித்தப்பாவுடையதற்குத்தான் இரண்டு தாள் வீணாயிற்று.

வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். பேராசிரியர் அந்தக் கட்டுரையை அடுத்த வகுப்பாருக்குப் பாடமாக வைத்தார். ஆஸ்திரியாவில் இருந்தபோது எலெனி வந்து, "என் ஆய்வுக்கு உன் தெருவை எடுத்துக்கொண்டேன், கையெழுத்துப் போட்ட இருவரையும் பார்க்க வேண்டும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆயிரம் வழி இருந்தது. "தாராளமாக" என்று சொன்னேன்.

சண்டை இதுதான். பட்டுத் தறிக்கு ஏற்றுவதற்கு முன்னால் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்ததைப் பிணைத்து, கஞ்சி தெளித்து உலர்த்த வேண்டும். மூன்று புடவைக்கான பாவு இரண்டு வீட்டு வாசல் நீளம் வரும். எங்கள் வீடு தெருமுனை. அந்தப் பக்கம் பேருந்து திரும்புகிற சாலை. அதனால் எங்கள் பாவு பக்கத்திலுள்ள சித்தப்பா வாசலுக்கு நீண்டுதான் ஆக வேண்டும். சித்தப்பா வீட்டுக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். அதனால் அவர் பாவு எங்கள் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஒருவர் வாசல் இல்லாமல் இன்னொருவருக்குத் தொழில் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காலை, சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக வந்துவிட்டார்கள். அவர் வாசலில் எங்கள் பாவு, கஞ்சி போட்டு ஈரமாக. கஞ்சி போட்ட பாவை உலராமல் தொடக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து நுழைந்தார், முதுகெல்லாம் கஞ்சி. சித்தி பதறிப்போய் இரண்டு கையாலும் பாவைத் தூக்கினார். கொத்தாக இழை அறுந்தது. அப்பா, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, தம்பி மனைவியைப் பார்த்து, "கைய எட்றீ, சனியனே!" என்று கத்திவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பாவு அறுந்த அன்றிலிருந்தே அந்த இரண்டு வாசலிலும் யாரும் பாவு போடுவதில்லை. அப்பா ஒரு தெருவுக்கும் சித்தப்பா வேறொரு தெருவுக்கும் பாவைச் சுமந்துகொண்டு போய், அடுத்தவர் முறைக்கு நடுவில் இடம் கேட்டுப் போட்டுக்கொள்வார்கள்.

முதல் நாள் மதியம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா கோயில் இட்லி செய்து வைத்திருந்தாள். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது, ஒன்றே ஒரு சாண். நெதர்லாந்தில் மதியச் சாப்பாடு என்றால் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் குளிர்ந்த பாலாடைக்கட்டி. அதைத் தின்றுகொண்டே கூட்டம் நடத்துவார்கள். எலெனி இட்லியை ருசித்துச் சாப்பிட்டு இரண்டாவது கேட்டாள். அம்மா அவளுக்கு அப்போதே அடிமை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் நோட்டைத் திறந்தாள். "உன் சித்தப்பா நலமா என்று அப்பாவிடம் கேள்."

நான் கேட்டேன். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அந்த வூட்டுப் பேச்ச இன்னாத்துக்கு எடுக்கற? வந்தவங்க முன்னால மானத்த வாங்காத" என்றார்.

"நலமாக இருக்கிறாராம்" என்றேன். எலெனி எழுதிக்கொண்டாள். என் பொய்யை ஒருத்தி நீல மையில் எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் முழுக்க அவளைத் தெருவை விட்டு வெளியே வைத்திருக்க வேண்டும் என்று திட்டம். காலையில் கோயில்கள். பிறகு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே. ஒன்பது பேரை அடைத்த ஆட்டோவில் எலெனி ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை உட்காரலாக உட்கார்ந்து வந்தாள். ஒரு திருப்பத்தில் ஆட்டோ குழியில் இறங்கி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். "பாவம்பா அந்தப் பொண்ணு, அத்த ஏம்பா தள்ளச் சொல்ற?" என்று ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவளோ எங்கள் எல்லாரையும்விடப் பலமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மாலையில் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்தில் நின்றோம். ஆற்றில் மணல்தான். "தண்ணீர் எங்கே?" என்றாள். "கீழே ஓடுகிறது என்பார்கள்" என்றேன். ஆஸ்திரியாவில் நாங்கள் படித்த ஊரில் ஆறு இரவும் பகலும் அலுக்காமல் ஓடும். பாலத்தில் நின்று பார்க்கிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். இங்கே ஆறே இல்லாத ஆற்றைப் பார்க்க உள்ளூர்க்காரர்கள் காற்று வாங்க வருகிறார்கள்.

அங்கேதான் அவள் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். ஒரே நகரம், நடுவில் முள்வேலி. கடைத்தெரு பாதியில் தகர டிரம்களும் மணல் மூட்டைகளும். அவள் அப்பா பிறந்த வீடு அந்தப் பக்கம். ஏறத்தாழ முப்பது வருஷம் போக முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் வழி திறந்தார்கள். போனார். தன் வீட்டுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றுவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டார்.

"உன் ஒப்பந்தத்தை அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்" என்றாள். "இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முதலில் யார் பேசினார்கள் என்று கேட்டார். அது கட்டுரையில் இல்லையே. போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்."

எனக்கு அந்தப் பாலத்திலிருந்து மணலில் குதித்துவிடலாம் போல இருந்தது. சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் விடிகாலை அப்பாவோடு பாவைச் சுமந்துகொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனேன். எலெனி தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் போனேன். இழை பிணைத்துக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் நான் மட்டும் திரும்பினால், அவள் சித்தப்பா வீட்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் காபி டம்ளர். எதிரே சித்தப்பா, மூக்குக் கண்ணாடியோடு, என் ஒப்பந்தத்தின் நகலைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"வாப்பா வா" என்றார் சித்தப்பா. பதினோரு வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "ஒன் சிநேகிதி ஒரு பேப்பரு காட்டுனாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது. நான் எப்ப கையெழுத்துப் போட்டேன்னுதான் எனக்கே தெரியல."

எலெனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தாள். அவளுக்காக நானும் சிரித்துக்கொண்டே, "சித்தப்பா, தப்பு பண்ணிட்டேன். மார்க்குக்கு எழுதின பேப்பரு. அவங்களுக்குத் தெரிஞ்சா படிப்பே போயிடும். ரெண்டே நாள், ராசியா இருக்கற மாதிரி இருந்துடுங்க" என்றேன். சிரித்த முகத்தோடு கெஞ்சுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்தப்பா தாளை மடித்து எலெனியிடம் மரியாதையாகக் கொடுத்தார். "நீ கேட்டு நான் செய்ய மாட்டேன். ஒங்கப்பா வந்து கேக்கட்டும். இந்த வாசல்ல நின்னு கேக்கட்டும்."

என்ன சொன்னார் என்றாள் எலெனி. "அப்பாவையும் அழைத்துவரச் சொல்கிறார்" என்றேன். ஒரு விதத்தில் அது சரியான மொழிபெயர்ப்பு.

அப்பா திரும்பி வந்து தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்ததும் சொன்னேன். ஊடு இழையோடு தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. முழுக்கக் கேட்டார். கடைசியில், "என் கையெழுத்துமா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"சமாதானம் படிக்கப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போன?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து கால் கழுவினார். உள்ளே போய்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்குப் போக அப்பா சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.

வாசலில் நின்றார். உள்ளே ஏறவில்லை. சித்தப்பா எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் சித்தி.

"பையன் தப்பு பண்ணிட்டான்" என்றார் அப்பா. "ஒத்தாசை பண்ணு."

சித்தப்பா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்புதாம்மா. மனசுல வெச்சிக்காத" என்றார் சித்தியிடம்.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர், சொந்தக்காரர்கள், தெருப் பெரியவர்கள், கூட்டுறவுச் சங்கத்தார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்டும் அப்பா சொன்னதில்லை. "ஈரப் பாவுல கை வெச்சா வேற இன்னா சொல்லுவாங்க?" என்பதுதான் அவர் கட்சி. இன்றும் அவர் மனசு மாறவில்லை, எனக்குத் தெரியும். என் மதிப்பெண்ணுக்காக அதை விற்றார். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பா, "நாளைக்குக் காலையில பாவு எடுத்தா, நம்ம வாசல்லயே போட்டுக்கலாம்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

எலெனி எங்கள் வீட்டுக்குள் இருந்து சன்னல் வழியாகப் படம் எடுத்தாளாம். அண்ணன் தம்பி வாசலில் நின்று பேசுகிற காட்சி. மிக இயல்பாக வந்திருப்பதாகச் சொன்னாள்.

நாலாம் நாள் காலை சித்தப்பா தன் பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வாசலையும் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கட்டை நட்டு, பாவைப் பிரித்தார்கள். ஒரு முனையில் அப்பா, மறு முனையில் சித்தப்பா. ஒரு பேச்சு இல்லை. இழுக்க வேண்டும் என்றால் அப்பா ஒரு கனைப்பு; போதும் என்றால் சித்தப்பா கட்டையில் ஒரு தட்டு. சிறுவயதிலிருந்து ஒன்றாகச் செய்த வேலை, கை தானாக ஓடியது. மஞ்சள் பட்டு இரண்டு வாசல் நீளத்துக்கு வெயிலில் விறைத்து நின்றது.

தெரு கூடிவிட்டது. "இன்னாபா, சினிமா ஷூட்டிங்கா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "வெள்ளக்காரப் பொண்ணு வந்தாத்தான் ராசியாவாங்க போல" என்றது இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. கஞ்சி தெளிக்கிற கையை நிறுத்தவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று எலெனி கேட்டாள். "வாழ்த்துகிறார்கள்" என்றேன். நான் ஒரு நூல் பிணைக்கக்கூடப் போகவில்லை. அந்தப் பாவைத் தொட எனக்குக் கை கூசியது.

மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து எலெனி டேப் ரிக்கார்டரை வைத்தாள். முறை யாருக்கு எப்போது, விசேஷ நாளில் யார் விட்டுக்கொடுப்பது என்று கேட்டாள். சித்தப்பா என் தாளைப் படித்திருந்ததால் நான் எழுதியதையே கோர்வையாகச் சொன்னார். இரண்டாவது விதிக்கு வந்தபோது மட்டும் குரல் மாறியது. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மற்றவர் அன்று பாவு போடக் கூடாது என்பது இரண்டாவது விதி. "இத்த யாராவது அன்னிக்கே எழுதியிருக்கலாம்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். "முதலில் பேசியது யார்? எப்போது?"

கேட்டேன். போன வருஷம் என்று சொல்லுங்கள் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அப்பா ரிக்கார்டரைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

"நான்தான்" என்றார். "நேத்து. பதினோரு வருஷம் கழிச்சி."

எலெனி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், முள்வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக் கதவையே தட்டாமல் திரும்பிய ஒரு மனிதர் பதிலுக்குக் காத்திருக்கிறார். அதுவும் தெரியும்.

"அப்பாதான் பேசினாராம். போன வருஷம்" என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. காபி வாங்கி வருகிறேன் என்று தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். வீட்டில் பால் இருந்தது. கடையில் வேண்டுமென்றே நின்று, அடுத்தவர்களை முந்தவிட்டு, மெதுவாக வாங்கி வந்தேன். திரும்பியபோது இருவரும் பாயில் இருந்தபடியே இருந்தார்கள். எலெனி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ரிக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள் அவளைச் சென்னை விமான நிலையத்தில் விட்டேன். இந்தத் தடவை பேருந்து எங்கேயும் நிற்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த கோயில் இட்லியை உடைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தாள். "உன் குடும்பத்துக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வேன்?" என்றாள். நான் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அயர்லாந்தில் எப்போதும் தூறல். எங்கள் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையில் உருளைக்கிழங்கை ஐந்து விதமாகச் சமைத்து ஐந்து பெயர் வைத்திருப்பார்கள். அப்படி ஒரு மதியம் எலெனி என் எதிரே வந்து உட்கார்ந்து, கொஞ்சம் தாள்களை மேசையில் வைத்தாள்.

ஆய்வில் ஒரு விதி உண்டு. மொழிபெயர்த்தவரே ஒலிநாடாவை எழுத்தில் பெயர்க்கக் கூடாது. அதற்கு வேறு ஆள் வேண்டும். விதி எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊருக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் தமிழ் தெரிந்த ஆள் எங்கே கிடைக்கப் போகிறார் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். நெதர்லாந்தில் அகதிகளுக்கு மொழிபெயர்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரை அவள் பிடித்திருந்தாள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், மணிமணியான கையெழுத்து. ஓரத்தில் பல இடங்களில், "இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் வேறு சொல்கிறார்" என்று ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் எழுதியிருந்தார். நிஜமான போரிலிருந்து தப்பி வந்த ஒருவர், எங்கள் வாசல் சண்டையில் நான் செய்த திருட்டுத்தனத்தை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்திருந்தார்.

எலெனி கோபப்படவில்லை. "என் அப்பாவிடம் நான் என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவள் எழுந்தாள். "கடைசிப் பக்கத்தைப் படி. நீ காபி வாங்கப் போனபோது பேசியது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படித்தேன்.

"அவன் போயிட்டானா?" இது சித்தப்பா.

"போயிட்டான்."

"என் கையெழுத்த நல்லாத்தான் போட்டுக்கிறான். ஒன்னுதுதான் கொஞ்சம் கோணல்."

அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள், இருவரும் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பிறகு அப்பா: "இப்படிப் பண்ணுவான்னு நெனக்கலடா."

"வுடுண்ணா. அவ்ளோ தூரம் போயி, முன்ன பின்ன தெரியாதவங்க நடுவுல, எங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிக்க மாட்டாங்கன்னு எப்படிச் சொல்லுவான்? வெக்கமா இருந்திருக்கும். அதான் சேந்துட்டோம்னு எழுதிட்டான். தப்பு அவன்மேல இல்ல. நம்மமேல."

"ஆமா" என்கிறார் அப்பா. "நம்மளாலதான்."

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "பேச்செல்லாம் ஒண்ணும் பெருசா இல்லப்பா. ஆனா பாவு நம்ம வாசல்லதான் போடறாங்க" என்றாள் அம்மா.

மறுநாள் தாள்களை எடுத்துக்கொண்டு ரயிலும் கப்பலும் மாறி நெதர்லாந்துக்குப் போய்ப் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுப் பழகிய இரண்டு தாள்களைக்கூட விடவில்லை. அவர் சைக்கிள் சாவியை மேசையில் உருட்டிக்கொண்டே கேட்டார். கட்டுரை ரத்தாகும், அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், கிட்டத்தட்டப் பரிவோடு, "ஏன் இப்படிச் செய்தாய்? குடும்பச் சண்டையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததா?" என்றார்.

சித்தப்பா சொன்ன அதே காரணம். நல்ல காரணம். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அவர் என்னை மன்னித்திருப்பார். வீட்டிலும் இரண்டு பேர் அதை நம்பித்தான் என்னை மன்னித்திருக்கிறார்கள்.

"இல்லை" என்றேன். "எனக்கு வெட்கமாக இல்லை. முதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்று இருந்தது."